பெரியப்பாவின் தட்டும் நெட் தேர்வும்

உளவியலில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கு மூளையின் இரு அரைக்கோளங்கள் சுலபமான பகுதி போலத் தெரியும். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. "இடது மொழி, வலது இடவுணர்வு" என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். பிளவு மூளை, அதாவது இரு பாதிகளுக்கு நடுவிலுள்ள இணைப்பு வெட்டப்பட்ட மூளை, பற்றிய கேள்வியில் தடுமாறித் தப்பாகக் குறித்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம்தான் ஆர்.கே.புரத்தில் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது மூளையில் அடைப்பு. பேச்சு மட்டும் கணீரென்று இருந்தது, பழைய ஆபீஸ் கதைகளை ஒன்று விடாமல் சொன்னார். ஆனால் தட்டில் நாலு இட்லி வைத்தால் வலப்பக்கத்து இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு போடேன்" என்பார். பெரியம்மா ஒன்றும் பேசாமல் தட்டைத் திருப்பி வைப்பார். உடனே மீதி இரண்டும் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணில் கோளாறே இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்கவில்லை. ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பாடத்தில் நான் ஒரு வரியாகப் படித்தது இதைத்தான். வலது பெரைட்டல் மடல் (மூளையின் மேல்பக்கப் பின்பகுதி) அடிபட்டால் இது வரும். இடது மூளை அடிபடும்போது இவ்வளவு கடுமையாகவும் நீடித்தும் வருவது குறைவு.

அதன்பின் பிளவு மூளையை மறுபடி எடுத்தேன். வலிப்பு நோய்க்காக இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் வெட்டப்பட்ட நோயாளிகளை ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசானிகாவும் ஆராய்ந்தார்கள். ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் கிடைத்தது. ஒரு தாளின் நடுவில் புள்ளி வைத்து, அதையே பாருங்கள். புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம், இரண்டு கண்ணாலும் பார்த்தாலும், வலது மூளைக்குப் போகிறது. நான் கோட்டைவிட்டது இங்கேதான்: இடது கண் வேறு, இடது பார்வைப்புலம் வேறு. இடப்புலத்தில் "சாவி" என்ற சொல்லைக் காட்டினால், அந்த நோயாளி வாயால் "ஒன்றும் தெரியவில்லை" என்பார். பேசுவது இடது மூளை, அதற்குச் சேதியே போகவில்லை. ஆனால் அவருடைய இடது கை, திரைக்குப் பின்னால் தடவிப் பார்த்துச் சாவியைச் சரியாக எடுத்துவிடும்!

இடது மூளையில் பேச்சை உருவாக்கும் பகுதியைச் சொன்னவர் புரோக்கா, 1861; பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியைச் சொன்னவர் வெர்னிக்கே, 1874: இந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்துவிடுங்கள், போதும். வலது கைக்காரர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு மொழி இடது மூளையில். இடது கைக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு, சுமார் 70 சதவீதம் பேருக்கு, அங்கேதான். இடது கைக்காரர் என்றாலே மொழி வலது மூளையில் என்று தலைகீழாக மாற்றிக் குறிக்கிறவர்கள் நிறையப் பேர்.

"நான் வலது மூளைக்காரி, கலை ஆர்வம் அதிகம்" என்கிற பேச்சை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். 2013-ல் யூட்டா பல்கலைக்கழகத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஒரு பாதியே மொத்தமாக ஓங்கியிருக்கும் ஆட்கள் என்று ஒரு வகை இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வேலைகள் பிரிந்திருக்கின்றன, மனிதர்கள் அப்படிப் பிரிந்திருக்கவில்லை.

இரண்டாம் தடவை எழுதும்போது, இப்படிக் கேள்வி வந்தால் ரஃப் தாளில் புள்ளி வைத்துக்கொண்டேன். சொல் எந்தப் பக்கம், பதில் வாயிலா கையிலா, கை என்றால் எந்தக் கை என்று குறித்த பிறகுதான் விடைகளையே படித்தேன்.