மழை நாள்களில் பார்த்த பல்

பல்வலி தானாக நின்றுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். நான் பட்டேன். இடதுபக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் பத்து நாள் என்னைத் தூங்கவிடவில்லை. தலையைச் சாய்த்தால் போதும், இரட்டிப்பாகக் குத்தும். கிராம்பு எண்ணெய் வைத்து ஈறு வெந்ததுதான் மிச்சம். பதினோராம் நாள் வலி பறந்துவிட்டது. உள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றது என்று அப்போது யார் கண்டார்கள்? இரண்டு மாதம் கழித்துக் கன்னம் பந்து போல வீங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், சிரட்டைப் பாலையெல்லாம் எடுத்து உறைய வைத்துவிட்டுக் கரையேற மணி பத்தரை ஆகிவிடும். வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது. மழை பெய்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. அன்றைக்கு ஊர் சுற்ற நேரம் இருக்கும், பையில் ஒன்றும் இருக்காது.

மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் பல் மருத்துவரிடம் முதலில் போனேன். பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சைக்கு 4,500 ரூபாய், மேலே உறை போல மாட்டும் கேப் போட 4,000 என்றார். வீக்கத்துக்கு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டேன், தரவில்லை. காசு கொடுத்து எடுத்த படம். கேட்டு வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அடுத்த இடத்தில் அதே பல்லுக்கு மறுபடியும் காசு கொடுத்துப் படம் எடுத்தேன்.

பிறகு அரசு மருத்துவமனை. பால் எடுத்த கையோடு பஸ் பிடித்து ஓடினால் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். சீட்டுப் போடும் ஜன்னலைப் பாதி மூடிவிட்டார்கள்.

“நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு வாருங்கள்.”

“எட்டு மணிக்கு நான் மரத்தடியில் நிற்பேன், சார்.”

“அதற்கு நான் என்ன செய்ய முடியும்?”

காப்பீட்டு அட்டையை நீட்டினேன். பல்லுக்கெல்லாம் இது செல்லாது என்று அட்டையைக் கையில் தொடாமலே சொன்னார். உண்மையாகவே இருக்கட்டும், வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

அடுத்த மழைக்கு ஏழரைக்கே போய் நின்றேன். இரண்டு மணி நேரம் வரிசை. என் முறை வந்ததும், சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு எங்கே என்றார்கள். முன்பே சொல்லியிருந்தால் நின்ற நேரத்தில் எடுத்திருப்பேன். பல் பிடுங்க நேரலாம் என்றால் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். அங்கே இருந்த டாக்டர் மட்டும் நல்ல மனிதர். “இங்கே பிடுங்கத்தான் முடியும். ஆனால் இந்தப் பல்லை எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்துவிடும், மேல்பல் கீழே இறங்கும். பல் மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள், மாணவர்கள் செய்வார்கள், செலவு குறைவு” என்றார்.

கல்லூரியில் படம், வேர் சிகிச்சை எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். செலவு குறைந்த அளவுக்கு நேரம் கூடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாணவர்களை மேற்பார்க்கும் டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வரும்வரை வாயைப் பிளந்துகொண்டு கிடக்க வேண்டும். முதல் நாள் மூன்று மணி நேரம். தாடை கழன்று விழாத குறை. எனக்குப் பார்த்தது ஒரு பெண்பிள்ளை, என் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். “அண்ணா, வலித்தால் கையைத் தூக்குங்க” என்று பத்துத் தடவை சொல்லியிருக்கும்.

இரண்டாம் தடவை பச்சை நிறத்தில் மெல்லிய தாள் ஒன்றை எடுத்து, நடுவில் துளையிட்டு, பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டியது. மூக்கில் பழகிய வாசனை. ரப்பர்! எச்சில் பல்லுக்குள் போகாமல் இருக்கவாம். அதோடு விடவில்லை. சுத்தம் செய்த வேருக்குள் அடைக்க, ஊதுபத்தியைவிட மெல்லிய இளஞ்சிவப்புக் குச்சிகள். அது என்ன என்று கேட்டேன். கட்டாபெர்ச்சா, மலேயாப் பக்கத்து மரம் ஒன்றின் பாலிலிருந்து வருவது என்றது. பால்வெட்டுக்காரன் பல்லை மரப்பால் கொண்டே அடைக்கிறார்கள். சிரிக்க நினைத்தால் வாய் நிறைய ரப்பர்.

மூன்றாம் தடவை போனதுதான் வயிற்றெரிச்சல். கொட்டும் மழையில் இரண்டு பஸ் மாறிப் போனால், அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை விடுமுறை. ஒருவர் தொடங்கிய பல்லில் இன்னொருவர் கை வைக்க மாட்டார்கள் என்றார்கள். தற்காலிகமாக அடைத்தது பாதி உதிர்ந்திருந்ததால், கெஞ்சி அதை மட்டும் அடைக்க வைத்தேன். முதல் நாளே மாணவரின் கைபேசி எண்ணை வாங்கி, புறப்படுமுன் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். நான்காம் தடவை அப்படித்தான் போனேன், வேலை முடிந்துவிட்டது.

கேப்புக்கு 1,500 தனி. போடாவிட்டால் பல் உடைந்துவிடும், அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும் என்று அந்தப் பிள்ளை மிரட்டியே அனுப்பியது. ஐந்து வாரக் கூலியில் பிடித்துப் பிடித்துச் சேர்த்தேன். போட்ட மறுநாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் இடதுபக்கமாகவே மென்றேன்.

வலதுபக்க மேல்பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதாம். இப்போதே அடைத்தால் 200 ரூபாயோடு போகும். வரும் வியாழக்கிழமை மழையோ வெயிலோ, முதலாளியிடம் லீவு சொல்லியாகிவிட்டது.