ஒரு வயிறு, இரண்டு வாய்

எங்கள் கணித சேர் கானாவில் சில வருடம் படிப்பித்துவிட்டு 1978 இல் கல்லூரிக்குத் திரும்பியபோது, கைலேஞ்சியில் சுற்றி ஒரு பித்தளைத் துண்டைக் கொண்டுவந்தார். பெருவிரல் அளவுதான். ஆய்வுகூடத் தராசில் அதை வைத்து, மற்றத் தட்டில் கிராம் படிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்.

"இது என்ன?"

"முதலை, சேர்."

"வடிவாப் பார்."

இரண்டு முதலைகள் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. தலை இரண்டு, வால் இரண்டு, வயிறு ஒன்று.

"கானாவில அசாந்திச் சனம் முந்திப் பொன் தூள் நிறுக்கிற படிக்கல். நிறுக்கிறதுக்கு ஒரு உருண்டை காணும். முதலை எதுக்கு?"

"அழகுக்கு" என்றோம். இல்லையென்று தலையாட்டினார். அந்தக் கிழமை முழுக்க மறுமொழி வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் சொன்னார்: "எந்த வாய் திண்டாலும் ஒரே வயித்துக்குத்தான் போகுது. ஆனா ருசி தொண்டையோட நிண்டிடும். அதுக்குத்தான் ரெண்டும் சண்டை பிடிக்குது."

பிறகு, பாடம் முடிந்து மிஞ்சும் நிமிடங்களில் மற்றதெல்லாம் வந்தது. அந்தக் காலத்தில் பொன் தூள்தான் அங்கே காசு. வாங்குபவரும் விற்பவரும் அவரவர் தராசோடும் படிக்கல்லோடும் வருவார்கள். எங்கள் கோயில் விக்கிரகம் வார்க்கிற அதே மெழுகு முறைதான்: மெழுகில் உருவம், மேலே களிமண், சுட்டால் மெழுகு உருகிப்போகும், அந்த வெற்றிடத்தில் பித்தளை. சில வேளை மெழுகே இல்லை. உண்மையான கச்சானையோ வண்டையோ களிமண்ணால் மூடிச் சுட்டால் அது சாம்பலாகிவிடும், அதன் ஒவ்வொரு வரியும் பித்தளையில் நிற்கும். நிறை குறைந்தால் கொஞ்சம் ஈயம் சேர்ப்பார்கள். ஒரே உருவம் வெவ்வேறு நிறைகளிலும் உண்டு. ஆகவே முதலை நிறையைச் சொல்லவில்லை, பழமொழியைச் சொல்கிறது. தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கும் 'சங்கோஃபா' பறவையும் அப்படித்தான்: மறந்ததைத் திரும்பிப்போய் எடுப்பது பிழையில்லை.

லண்டன் வந்து பல வருடங்களின் பின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படிக்கற்களைக் கண்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் "மறைபொருள்" என்றார். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. குரங்கின் கையில் பூமாலையை வரைந்து வைத்தால் தமிழருக்கு அதில் என்ன மறைவு? பழமொழி கேட்டு வளராதவருக்குத்தான் அது வெறும் குரங்கு.

1874 இல் பிரிட்டிஷ் படை அசாந்தித் தலைநகர் குமாசியைக் கொள்ளையிட்டது. 2024 இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகமும் 32 அசாந்திப் பொருட்களை அங்குள்ள மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பின, மூன்று வருடக் கடனாக. சொந்த வீட்டுக்குக் கடனாகவா என்று மனம் கொதித்தது. சேர் இருந்திருந்தால் முதலில் அவருக்குத்தான் தொலைபேசி எடுத்திருப்பேன்.

வகுப்பில் நாங்கள் யாராவது இரண்டு பேர் சண்டை பிடித்தால் சேர் ஏசமாட்டார். சட்டைப் பையிலிருந்து அந்த முதலைகளை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, விட்ட கணக்கைத் தொடருவார். நாங்கள் வாங்கில் மெல்ல நகர்ந்து கிட்ட இருப்போம்.