வீட்டு மாவுத் தொழிலுக்கு உரிமம், பள்ளி முன்னால் வேகத்தடை: பேரூராட்சியில் நான் பட்ட பாடு

தொழில் உரிமம் கைக்கு வந்துவிட்டது. பள்ளி முன்னால் வேகத்தடையும் போட்டாகிவிட்டது. இரண்டுக்குமாக அலைந்த அலைச்சலில் மனம் இன்னும் ஆறவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிட்டால், இதே வழியில் போகிறவர்களுக்குப் பாதி அலைச்சலாவது மிச்சமாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி எங்களுடையது. ஊர்ப் பெயர் வேண்டாம்.

நான் ராகியை முளைகட்டி, வறுத்து, அரைத்துச் சத்துமாவு செய்து விற்கிறேன். வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, மாவு அரைக்க ஒரு பல்வரைசர் மெஷின், உதவிக்குப் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் ஆன்லைனிலேயே முடிந்தன. வருடத்துக்கு 12 லட்சத்துக்குள் வியாபாரம் என்பதால் அப்போது உணவுக்குப் பதிவு மட்டும் போதுமாக இருந்தது, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாயாக இருந்தது. உத்யமுக்குக் கட்டணமே இல்லை. இந்த இரண்டிலும் சொல்ல வேறொன்றுமில்லை.

பேரூராட்சியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தொழில் உரிமத்துக்கு மனு கொண்டுபோனபோது ஒப்புகை கேட்டேன். “டேபிள்ல வச்சிட்டுப் போங்கம்மா, சார் வந்ததும் பார்ப்பார்” என்று அந்தப் பிரிவு எழுத்தர் சொல்லிவிட்டார். சீல் போட்டுக் கொடுங்கள் என்று மறுபடி கேட்டதற்கு, சீல் உள்ளே இருக்கிறது என்றார். சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்தது உரிமம் இல்லை, நோட்டீஸ். உரிமத்துக்கு விண்ணப்பிக்காமல் குடியிருப்புப் பகுதியில் இயந்திரம் இயக்குவதாகவும், வாகனங்களை நிறுத்திப் பள்ளி மாணவர்களுக்கு விபத்து அபாயம் ஏற்படுத்துவதாகவும் புகார் வந்திருக்கிறதாம். ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் இயந்திரத்துக்குச் சீல்.

விண்ணப்பிக்கவில்லை என்று எழுதியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்கு ஆபத்து என் வீட்டால் என்று எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். என் சரக்கை ஏற்ற வருவது வாரத்துக்கு ஒரு டாட்டா ஏஸ், அதுவும் பள்ளி மணி அடித்து வெகுநேரம் கழித்து. உண்மையான ஆபத்து எங்கே என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளி கேட் திறப்பது மெயின் ரோட்டில், அதுவும் வளைவில். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அதே நேரத்தில்தான் தோத்தாபுரி மாங்காய் லோடு மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குப் போக ஆரம்பிக்கும். காலை ஒன்பது மணிக்குப் புத்தகப்பையோடு பிள்ளைகள் ஒரு பக்கம், தார்ப்பாய் கட்டாத லாரிகள் ஒரு பக்கம். அந்த இடத்தில் வேகத்தடை வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் நாங்கள் தீர்மானம் போட்டு, பெற்றோர் கையெழுத்தோடு அதே பேரூராட்சிக்குக் கொடுத்த மனுவுக்கு அதுவரை ஒரு வரி பதிலும் வரவில்லை.

ஆகவே முதல் எச்சரிக்கை. தபால் பிரிவில் சீலும் தேதியும் பதிவு எண்ணும் வாங்காமல் எந்த மனுவையும் விட்டுவிட்டு வராதீர்கள். சீல் போட மாட்டேன் என்றால் அங்கே நின்று வாதாட வேண்டாம். நேரே போஸ்ட் ஆபீஸ் போய், செயல் அலுவலர் பதவிப் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விளக்கக் கடிதத்தை அப்படித்தான் அனுப்பினேன். விண்ணப்ப நகல், உணவுப் பதிவு, உத்யம் எல்லாம் இணைத்து, மெஷின் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் ஓடும் என்றும் எழுதினேன். பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க ஒலி மாசு விதிகளில் இடம் இருக்கிறது. பள்ளிக்குப் பக்கத்தில் மெஷின் வைத்திருப்பவர்கள் ஓட்டும் நேரத்தை எழுத்தில் காட்டிவிடுவது நல்லது. சீல் வைக்க யாரும் வரவில்லை.

அடுத்து மண்டலப் பிரச்சினை. “இது குடியிருப்பு மண்டலம், மெஷினே ஓடக் கூடாது. வீட்டு வரியை வணிகத்துக்கு மாத்திட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்” என்றார் எழுத்தர். வரியை மாற்றப் போனால், மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறது, அதை முதலில் மாற்றுங்கள் என்றார்கள். மின்வாரியத்தில் கவுன்டரில் இருந்தவர் பேரூராட்சி உரிமம் கொண்டுவரச் சொன்னார். செக்கு மாடு போலச் சுற்றினேன். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேரிடமும் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார் அதே எழுத்தர். எந்த விதியில் அப்படி இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். “ரூல் பேசுறதுன்னா ரூல்படியே பார்ப்போம்மா” என்று சொல்லிவிட்டு, ஃபைலை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ரூல்படியே பார்க்கலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ), 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏன் தரவில்லை, ஏன் தாமதம் என்று கேட்டால், அப்படி ஆவணம் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கும் காகிதத்தின் நகலைக் கேட்க வேண்டும். நான் கேட்டவை: தொழில் உரிமத்துக்கு இணைக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியல் நகல், அண்டை வீட்டார் கடிதம் கேட்கச் சொல்லும் உத்தரவு இருந்தால் அதன் நகல், எங்கள் தெருவும் பள்ளி முன் சாலையும் யார் பராமரிப்பில் இருக்கின்றன என்று காட்டும் சாலைப் பதிவேட்டின் பக்கம். சட்டப்படி 30 நாள் அவகாசம். கிட்டத்தட்ட அது முடியும்போதுதான் பதில் வந்தது. ஆனால் அந்த ஒரு கவர் எனக்குப் பெரிய வேலை செய்தது. அண்டை வீட்டார் கடிதம் பற்றி உத்தரவு ஏதும் இல்லை. பள்ளி முன் சாலை பேரூராட்சியுடையதே இல்லை, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. எங்கள் வேகத்தடை மனு அவ்வளவு காலமும் கிடந்தது சம்பந்தமில்லாத ஆபீசில். முதல் நாளே ஒரு ஆள் அதைச் சொல்லியிருக்கலாம்.

மண்டலம் பற்றித் தெரிந்துகொள்ள மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். சர்வே எண், பட்டா நகல், புல வரைபடம் மூன்றும் கையில் இருக்கட்டும். அங்கே ஓர் அலுவலர் பொறுமையாக விளக்கினார். குடியிருப்பு மண்டலம் என்றாலே எந்தத் தொழிலும் கூடாது என்று அர்த்தமில்லை; 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், பரப்பையும் மோட்டார் சக்தியையும் தொழிலின் தன்மையையும் பார்த்துச் சிறு தொழில்களுக்கு இடம் இருக்கிறது. “வாயால சொன்னா அங்க எடுபடாதும்மா, மனு குடுங்க, எழுத்துல தர்றேன்” என்றார். சொன்னபடி தந்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

மின்வாரியத்தில் கவுன்டரை விட்டு உதவிப் பொறியாளரையே பார்த்தேன். உரிமம் தேவையில்லை, வரி ரசீது, உத்யம் சான்று, வீடு மாமனார் பெயரில் இருப்பதால் அவருடைய சம்மதக் கடிதம் போதும் என்றார். குறுந்தொழிலுக்கான 3ஏ1 கட்டணத்தில் மெஷின் அறைக்கு மட்டும் தனி மீட்டர். மெஷினை வீட்டு மீட்டரிலேயே ஓட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பறக்கும் படை வந்தால் அபராதம் வருமானத்தையே தின்றுவிடும்.

பிறகு ஆய்வுக்கு வந்தார் துப்புரவு ஆய்வாளர். தூசி போக எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர் போகும் வழி, தீயணைப்பான் எல்லாம் பார்த்தார். மோட்டார் எத்தனை எச்.பி. என்று கேட்டார். இரண்டு என்றேன். மோட்டாரில் அடித்திருந்த தகட்டில் மாவும் துருவும் படிந்து எழுத்தே தெரியவில்லை. அவர் படிவத்தில் ஐந்து என்று எழுதப் போனார். மோட்டார் சக்தியை வைத்துத்தான் கட்டணம், போதாததற்கு மண்டலக் கேள்வியும் அதில்தான் நிற்கிறது. கொஞ்சம் இருங்கள் சார் என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். முதலில் கம்பெனிப் பெயர், அப்புறம் வோல்ட், கடைசியில் மூலையில் ‘2’ தெரிந்தது. அவரே குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, எழுதிவிட்டுப் போனார். மெஷின் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்தத் தகட்டைத் துடைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மெஷின் வாங்கிய பில்லோடு.

எல்லாவற்றையும் சேர்த்து, ஆர்டிஐ பதிலை மேலே வைத்துக் கொடுத்தேன். இந்த முறை சீல் வெளியில்தான் இருந்தது. உரிமம் வந்தது.

இனி வேகத்தடை. இதில் எனக்குக் கோபம் அதிகம், அதனால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

பேரூராட்சி மனு கிடப்பில் இருந்த நாட்களில், பொறுக்க முடியாமல் யாரோ ஒரு இரவில் ஜல்லியும் சிமென்ட்டும் கொட்டி வளைவில் மேடு கட்டிவிட்டார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, செங்குத்தாக, வண்ணம் அடிக்காமல் ஒரு மேடு. விடியற்காலையில் பால் கேனோடு வந்தவர் வண்டியோடு விழுந்து கை முறிந்தது. நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் வந்து அதை இடித்தார்கள், அதற்கு மட்டும் உடனே வந்தார்கள். சாலைகளுக்கான நெறிமுறைகளை வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பு சொல்கிறபடி வட்ட மேடு என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் மேட்டின் மேல் வண்ணக் கோடுகளும் வேண்டும். தயவுசெய்து யாரும் சொந்தமாக மேடு கட்டாதீர்கள்.

நெடுஞ்சாலைத் துறை உட்கோட்ட அலுவலகத்தில், போலீசும் மோட்டார் வாகன ஆய்வாளரும் சேர்ந்து கூட்டாய்வு செய்து, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழு வழியாக வந்தால்தான் செய்ய முடியும் என்றார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். ஆகவே திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு. தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, நான் மூவரும் போனோம். மனுவோடு காலை நேரத்தில் எடுத்த படங்கள், வளைவின் கை வரைபடம், சாலை யாருடையது என்று காட்டும் பதிவேட்டு நகல், மேலாண்மைக் குழுத் தீர்மானம் எல்லாம் இருந்தன. அந்தப் பதிவேட்டு நகல் இருந்ததால்தான் மனு திரும்பவும் பேரூராட்சிக்குப் போகாமல் சரியான துறைக்குப் போனது. மனு எண் தருவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். நடுவில் அசைவில்லாதபோது முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொல்லி நினைவூட்டினோம்.

கூட்டாய்வு நாளில் ஒரு விஷயம் மறக்க முடியாது. அதிகாரிகள் வந்தது மதியம் பன்னிரண்டு மணிக்கு. ரோடு காலியாகக் கிடந்தது. “இங்க டிராஃபிக்கே இல்லையேங்க” என்றார் ஒருவர். தலைமையாசிரியர் விடவில்லை. “சார், நாலு மணி வரைக்கும் இருங்க, சாப்பாடு நம்ம ஸ்கூல்லயே சாப்பிடுங்க” என்றார். போக்குவரத்து எஸ்.ஐ. மட்டும் இருந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே வந்த இரண்டு நிமிடத்தில், ஆட்டோக்களும் வேன்களும் கேட்டை அடைத்து நிற்க, நடுவில் மாங்காய் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி வளைவில் திரும்பியது. அவரே நடு ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. அறிக்கையில் இரண்டு பக்கமும் வேகத்தடை, பள்ளிப் பகுதிப் பலகை, 25 கிலோமீட்டர் வேகப் பலகை என்று எழுதியவர் அவர்தான். உங்கள் ஊரில் ஆய்வு என்றால் பள்ளி விடும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டோ, வேன் நிற்கும் இடம் மட்டும் பேரூராட்சி கையில் இருந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா அதை மன்றக் கூட்டத்தில் பொருளாகவே வைத்து, சந்தைத் திடலின் ஓரத்தைக் காலையும் மாலையும் அதற்கு ஒதுக்கத் தீர்மானம் நிறைவேற்றிக் கொடுத்தார். தீர்மான நகலை வாங்கித் தலைமையாசிரியர் கேட்டில் ஒட்டியிருக்கிறார். டிரைவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள், இப்போது அங்கேதான் நிற்கிறார்கள். கேட் முன்னால் என் பிள்ளைகள் நடந்து போக இடம் இருக்கிறது.

கேட்டுக்கு எதிரே பிள்ளைகள் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் இன்னும் போடவில்லை. அறிக்கையில் இருக்கிறது, ரோட்டில் இல்லை. அடுத்த மாங்காய் லோடு வருவதற்குள் போட வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறைக்கு நினைவூட்டல் எழுதியாகிவிட்டது. கையெழுத்துத் தாள் தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது, பெற்றோர் வெள்ளிக்கிழமைக்குள் வந்து போட்டால் திங்கட்கிழமை கொண்டுபோகிறோம்.