நட்சத்திரம் இருக்கட்டும், முதல் அடி எப்படி?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலுக்கு வரும் டிஃபென்சிவ் லைன் பையன்களின், அதாவது எதிரணியின் தாக்குதலை முன்வரிசையில் நின்று தடுப்பவர்களின், ஹைலைட் வீடியோவை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிற காட்சிதான் திரும்பத் திரும்ப வரும், எதிரே நின்றவன் எவ்வளவு சின்னப் பையன் என்பதை யாரும் கவனிப்பதில்லை. நான் பார்ப்பது பந்து நகர்ந்ததும் வைக்கிற முதல் அடி, கை எங்கே போய்ப் படுகிறது, எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து தள்ளும்போதும் இடுப்பு தாழ்ந்தே இருக்கிறதா, அப்புறம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நாலாவது குவார்ட்டரிலும் அதே வேகம் இருக்கிறதா என்பதைத்தான். எடையைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். கை நீளத்தை?

சரி, உடல் அளவு மட்டுமே எல்லாம் என்றும் இல்லை. பள்ளி வீரர்களுக்கு ஐந்து வரை தரும் நட்சத்திர மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரத்தோடு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் போன ஆரன் டொனால்டு, அந்த வரிசையின் நடுவில் நிற்கிற டிஃபென்சிவ் டாக்கிளுக்கு உயரம் போதாது என்று சொல்லப்பட்டவர்; 2013-இல் அவுட்லாண்ட், லொம்பார்டி என்று கல்லூரி ஃபுட்பால் விருதுகளை அள்ளினார். பின்னாளில் டிஃபென்சிவ் லைனில் பெயர் வாங்கிய ஜே.ஜே. வாட் முதலில் டைட் எண்ட், தாக்குதல் பக்கத்தில் பந்தைப் பிடிக்கிற ஆள்!