குன்னூரில் வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பார்த்தோம்

வங்கிப் பணியில் பதவி உயர்வோடு குன்னூருக்கு மாற்றல் வந்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் மலை ஊரில் வாழ்ந்த அனுபவம் கிடையாது. திருவாரூர்ப் பக்கத்து மனிதர்களான எங்களுக்கு ஆற்றங்கரைதான் உயரமான இடம். முழங்கால் வலியுள்ள மாமியார், வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கும் கணவர், அடுத்த ஜூனில் பள்ளியில் சேர வேண்டிய மகன் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேவை இருந்தது. பணியில் சேர மார்கழி வரை அவகாசம் கிடைத்தது. அதனால் இடையில் கிடைத்த விடுமுறைகளில் எல்லாம் மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிப் போய், கீழ்க்குன்னூரில் ஒரு சிறிய விடுதியில் தங்கி, வீடு பார்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் ஊரைப் பார்த்தோம்.

வாடகை விளம்பரங்களில் ‘பேருந்து நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர்’ என்ற வரி தவறாமல் இருந்தது. வரைபடத்தில் அளந்தால் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அந்த அரை கிலோமீட்டரில் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு படிக்கட்டு என்பதை வரைபடம் காட்டுவதில்லை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த எண் ஊரின் ஏதோ ஒரு மட்டத்துக்குத்தான் பொருந்தும். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் மார்க்கெட்டும் பள்ளத்தில், கீழ்க்குன்னூரில் இருக்கின்றன. பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா பக்கமெல்லாம் மேலே, மேல்குன்னூரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சரிவுகளில்தான் எங்கள் வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் அடுக்கடுக்காக நின்றன. இவற்றோடு ஓட்டுப்பட்டறைப் பக்கத்தையும், ஊட்டி சாலையில் வெலிங்டன் பக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கினோம்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வீட்டுத் தரகர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எங்களை எப்போதும் பகல் பதினொரு மணிக்கு, வெயில் ஏறிய நேரத்தில், ஆட்டோவில் அழைத்துச் சென்று ஆட்டோவிலேயே திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அப்படிப் பார்த்தால் எந்தத் தெருவும் அழகாகத்தான் தெரியும். ஒரு நாள் மார்க்கெட் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தலையில் காய்கறி மூட்டையோடு படியேறிப் போன ஒருவரைப் பார்த்த பிறகுதான், ஒரு மலைத்தெருவை உடம்பால் அறிந்தவர்கள் அதில் சுமை ஏற்றுகிறவர்கள்தான் என்று தோன்றியது. அன்றிலிருந்து சுமை தூக்குபவர்கள், பால் ஊற்றுகிறவர்கள், எரிவாயு உருளை கொண்டுவருகிறவர்கள் ஆகியோரிடமே விசாரித்தோம்.

உருளை கொண்டுவரும் அண்ணன் ஒருவர் வாகனத்தை நிறுத்திவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்து வைத்திருந்த ஒரு வீட்டின் அடையாளத்தைச் சொன்னதும், “பச்சை கேட்டு வீடுதானே? நல்ல வீடும்மா. ஆனா வண்டி பிள்ளையார் கோயிலோட நின்னுடும். அப்புறம் படி. கைப்பிடியும் கிடையாது” என்றார். வீட்டு உபயோக உருளையில் எரிவாயு 14.2 கிலோ, இரும்பின் எடையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட முப்பது கிலோ. அதைத் தோளில் வைத்து ஏறுகிறவர் ‘கைப்பிடி கிடையாது’ என்று சொல்வது வெறும் தகவல் இல்லை. அந்தப் படிகளில் என் மாமியார் மழைநாளில் இறங்குவதை நினைத்துப் பார்த்து, அந்த வீட்டை அப்போதே விட்டுவிட்டோம். வாசல்வரை வண்டி போகும் வீடுகள் எவை, ஆம்புலன்ஸ் எந்தத் திருப்பத்தோடு நின்றுவிடும், எந்தப் படிக்கட்டில் பாசி பிடிக்கும், எந்தப் படிக்கட்டுக்குத் தெருவிளக்கு உண்டு என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போனார். தெருப் பெயரைவிட வீட்டு நிறமும் கோயிலும் திருப்பமுமே அவருடைய முகவரிகள்.

அதன் பிறகு எந்த வீட்டைப் பார்த்தாலும் கீழிருந்து மேலே நடந்தே போனோம். இரண்டு பை நிறையக் காய்கறியை வாங்கிக்கொண்டு, கடைக்குப் போய்த் திரும்புகிறவர்களைப் போலவே ஏறினோம். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கடினம் என்பதை மாமியார் தாமே உணர்ந்து சொன்னார். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நிற்கலாம், இறக்கத்தில் ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முட்டியில் விழுகிறது. ஆகவே சாலைக்கு மேலே உள்ள வீடா, கீழே உள்ள வீடா என்பதும் ஒரு கேள்வியானது. சாலைக்குக் கீழே உள்ள வீட்டுக்கு வாடகை குறைவு. காலையில் வேலைக்குப் போகும்போது ஏற வேண்டும், மாலையில் சுமையோடு வரும்போது இறங்கலாம். எனக்கு அது வசதி, அவருக்கு வசதியில்லை.

அடுத்தது வெயில். சமவெளியில் வெயிலிலிருந்து ஒதுங்கவே வீடு பார்த்துப் பழகியவர்களுக்கு, வெயிலைத் தேடி வீடு பார்ப்பது விசித்திரமாகத்தான் இருந்தது. மலையில் ஒரே தெருவின் இரண்டு பக்கமும் ஒரே வானிலையில் இருப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்கு நோக்கிய சரிவில் இருக்கும் வீடுகளுக்கு மலையின் நிழலே கூரையாகிவிடுகிறது. கிழக்கும் தெற்கும் திறந்த வீடுகளுக்குக் காலை வெயில் கிடைக்கிறது. காலை வெயில்தான் முக்கியம் என்று அங்குள்ளவர்கள் எல்லோருமே சொன்னார்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் ஏறி வந்துவிட்டால் மேற்குப் பார்த்த சன்னலால் பயனில்லை. கைப்பேசியில் உள்ள திசைகாட்டியை வைத்து ஒவ்வொரு வீட்டின் முகத்தையும் குறித்துக்கொண்டோம். வெயில் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்தே கணக்கிட முடிந்தது. நான்கு மணிக்கும் சொட்டிக்கொண்டிருக்கும் துணி அந்த வீட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

வெயில் படாத சுவரில் ஓதம் ஏறும். புதிதாகச் சுண்ணாம்போ வண்ணமோ பூசிய வீட்டை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தோம். சுவரின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது, அலமாரியின் உட்பக்கம் பூஞ்சை வாடை வருகிறதா என்று முகர்வது, மலைச்சரிவை ஒட்டிய பின்சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்காவது சந்து இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை வழக்கமாகிவிட்டன. மண்ணோடு ஒட்டிய பின்சுவர் உள்ள ஒரு வீட்டில் குடியிருந்தவர்கள் புத்தகங்களை எல்லாம் நடுக்கூடத்தில் பெட்டியில் வைத்திருந்தார்கள். கணினியே பிழைப்பாக உள்ள என் கணவருக்கு மேற்கொண்டு விசாரிக்கத் தேவை இருக்கவில்லை.

மழையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீலகிரி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று நினைத்திருந்தால் அது சரியல்ல. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கங்களில் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூரும் கோத்தகிரியும் மலையின் கிழக்கு முகத்தில் இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம் நனைகின்றன. நாங்கள் போனதும் அந்தப் பருவத்தில்தான். உறவினர்கள் ‘மழை விட்ட பிறகு போங்களேன்’ என்றார்கள். மழையில் பார்க்காத தெருவில் குடியேறக் கூடாது என்பதுதான் எங்கள் எண்ணமாக இருந்தது. மழை பெய்யும்போது தண்ணீர் எந்தச் சந்து வழியாக இறங்குகிறது, எந்த வீட்டு வாசலைக் கடக்கிறது, சாக்கடையும் மழைநீரும் எங்கே கலக்கின்றன என்பதெல்லாம் குடை பிடித்து நின்றால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, அச்சனக்கல் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்றும் வயதானவர்களிடம் ஒரு சரிவைப் பற்றிக் கேட்டால் ‘அந்த வருஷம் இங்கே என்ன ஆச்சு’ என்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மாவட்டத்தில் பேரிடர் அபாயம் உள்ளவையாக 283 இடங்களை நிர்வாகம் பட்டியலிட்டிருக்கிறது; பருவமழைக்கு முன் செய்தித்தாள்களில் அந்த எண்ணைக் காணலாம். பட்டியலில் இல்லாத இடம் என்பதாலேயே நிம்மதி அடையாமல், வீட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள தடுப்புச்சுவர்களை நின்று பார்த்தோம். சுவரில் விட்டிருக்கும் நீர் வடியும் துளைகளில் மழைக்குப் பின் தண்ணீர் கசிந்தால் அது நல்லது. துளையே இல்லாமலோ, அடைபட்டோ இருந்து சுவர் நடுவில் புடைத்திருந்தால் மண்ணுக்குள் தண்ணீர் தேங்கிச் சுவரைத் தள்ளுகிறது என்று பொருள். சாய்ந்த மின்கம்பம், அடிமரம் வளைந்த மரம், படிக்கட்டுக்கும் சுவருக்கும் இடையே விரிந்த கீறல் ஆகியவற்றையும் கவனிக்கச் சொன்னவர், கட்டட வேலை செய்யும் ஒரு மேஸ்திரி. மற்ற எல்லா வகையிலும் எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு வீட்டை, அதற்கு மேலே அண்மையில் மண்ணை வெட்டிச் சமன்செய்திருந்த ஒரே காரணத்துக்காக விட்டோம். தரகருக்கு வருத்தம்தான்.

தண்ணீர் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்லலாம். நகருக்குக் குடிநீர் தரும் ரேலியா அணை ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது; குழாயில் முறைவைத்துத்தான் தண்ணீர் வரும், கோடையில் அந்த முறை நீளும். ஆகவே வீட்டுக்காரரிடம் ‘தண்ணீர் வருமா’ என்று கேட்பதைவிட, மொட்டை மாடியில் தொட்டி எவ்வளவு பெரியது, அது எத்தனை குடும்பத்துக்குப் பொது என்று கேட்பது பயன் தரும்.

காட்டுமாடுகளைப் பற்றி எங்களை யாரும் பயமுறுத்தவில்லை, நாங்களே பார்த்துவிட்டோம். சிம்ஸ் பூங்காவுக்குச் சற்று அப்பால், மாலை ஆறு மணிக்கு, சாலையோரத்தில் ஒன்று நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சத்தமில்லாமல் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று, அது நகர்ந்த பிறகு நடந்தார்கள். தேயிலைத் தோட்டத்தையோ சோலையையோ ஒட்டிய வீடு கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும், இருட்டிய பிறகு வாசலைத் தாண்டும் சுதந்திரம் குறைவு. கரடி நடமாட்டம் உள்ள பக்கங்களில் இரவில் உணவுக் கழிவை வெளியே வைப்பதில்லை. விளக்கு எண்ணெயைத் தேடி அவை கோயில்களுக்குள் புகுவது அந்த மலையில் அடிக்கடி வரும் செய்தி. ஆகவே இருட்டில் ஒருமுறை, கைவிளக்கோடு, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடந்து பார்ப்பதை எங்கள் வழக்கத்தில் சேர்த்துக்கொண்டோம். வங்கியில் கணக்கு முடிக்க நேரமாகும் நாட்களில் நான் அந்த வழியில்தான் தனியாக வர வேண்டும்.

சீசன் நெரிசலை நாங்கள் நேரில் பார்க்க முடியவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சித்திரை, வைகாசியில் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சியும் ஊட்டியில் மலர்க்கண்காட்சியும் நடக்கும்போது, பிரதான சாலையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க நடப்பதே விரைவான வழி என்று ஆட்டோ ஓட்டுநரே சொன்னார். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது என்பதையும், உறவினர்கள் காரில் வரும்போது நினைவூட்ட வேண்டும் என்பதையும் குறித்து வைத்தோம்.

ஊரின் வெளிப்புறங்களை ஒரே பார்வையில் பார்த்துவிட, குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் போய்வந்தோம். சுற்றுலாப் பயணிகள் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் வெலிங்டன், அருவங்காடு வழியெங்கும் வீடுகளின் பின்புறங்களைப் பார்த்துக்கொண்டே போனோம். சாலையிலிருந்து முகம் மட்டும் காட்டும் வீடுகள் தண்டவாளப் பக்கம் தம் முதுகைக் காட்டுகின்றன. வெலிங்டன் பக்கம் சாலை வசதியும் வெயிலும் நன்றாகவே இருந்தன. மார்க்கெட்டுக்கும் என் வங்கிக் கிளைக்கும் தினமும் பேருந்தை நம்ப வேண்டும் என்பதால்தான் அதை இரண்டாவதாக வைத்தோம்.

மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே சந்தில் படுகர், மலையாளிகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள், எங்களைப் போல மாற்றலில் வந்தவர்கள் என்று கலந்து வாழ்கிறார்கள். புதியவர் வந்து நின்றால் உற்றுப் பார்ப்பது குறைவு. ஒரு படுகர் இல்லத்து அம்மா எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்து, மாமியாரிடம், “உங்களுக்குக் குளிர் தாங்காதுன்னு நினைக்காதீங்க அம்மா, வேலை இல்லாம உட்கார்ந்தாத்தான் குளிரும்” என்றார். அந்தத் தெருவின் மேல் மாமியாருக்கு ஏற்பட்ட பற்றுக்கு, எங்கள் குறிப்பேட்டில் இருந்த எந்தக் கணக்கும் ஈடாகவில்லை.

நல்லவேளையாக அந்தத் தெருவிலேயே, மேல்குன்னூருக்கு ஏறும் பாதியில், வாசல்வரை ஆட்டோ வரும் ஒரு மாடி வீடு காலியாக இருந்தது. கிழக்குப் பார்த்தது, பின்பக்கச் சந்து இருக்கிறது, தடுப்புச்சுவரின் துளைகள் சொட்டிக்கொண்டிருந்தன. தேயிலைத் தோட்டக் காட்சி கிடையாது, எதிரே இன்னொரு வீட்டின் தகரக் கூரைதான். அங்கிருந்து காலி செய்து போன குடும்பத்தை விசாரித்துத் தேடிப் பிடித்துப் பேசினோம். வீடு மாறியதற்கு அவர்கள் சொன்ன காரணம் பிள்ளையின் படிப்பு, ஓதமோ தண்ணீரோ அல்ல. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வீட்டுக்காரர் அதற்குள்ளாகவே கேட்டார். கூரை ஒழுகினால் யார் செலவு என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதச் சொல்லி வாங்கினோம்.

சாமான் ஏற்றிய லாரி அந்தத் தெருவில் திரும்பாது என்று உருளை அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். ஆகையால் பிரதான சாலையிலேயே லாரியை நிறுத்தி, சிறிய வண்டிக்கு மாற்றி ஏற்றுவதற்கான ஆட்களையும் கூலியையும் அவர் மூலமாகவே பேசி முடித்துவிட்டுத்தான் திருவாரூருக்குப் பேருந்து ஏறினோம்.