பி300 புரதத்துக்கு சிப் செய்பவர்களுக்கு

இபி300 மரபணு மனிதரின் 22-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது தரும் பி300, 2414 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசெட்டைல் தொகுதியைச் சேர்த்து மரபணுப் படியெடுத்தலைத் தூண்டும். ஆனால் டிஎன்ஏவைத் தானே பிடிக்காது. படியெடுத்தல் காரணிகளைப் பற்றிக்கொண்டுதான் அங்கே நிற்கும். ஒரு புரதம் டிஎன்ஏவில் எங்கே நிற்கிறது என்பதை, இரண்டையும் பிணைத்து ஆன்டிபாடியால் பிடித்து அறியும் சோதனையே சிப் (ChIP). அதில் தொல்லையே இதுதான். ஹிஸ்டோனுக்கு அழகாக வேலை செய்யும் ஃபார்மால்டிஹைடு என்ற பிணைப்பு வேதிப்பொருள், பி300-க்குப் பல நேரம் தனியாகப் போதுவதில்லை. சிக்னல், ஒப்பீட்டுக்கு வைக்கும் ஐஜிஜி ஆன்டிபாடியின் அளவிலேயே கிடக்கலாம்.

அதனால் முதலில் டிஎஸ்ஜி (DSG) என்ற இன்னொரு பிணைப்பான். இது புரதத்தையும் புரதத்தையும் பிணைக்கும். குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஈரம் பட்டால் வீண். டிஎம்எஸ்ஓ (DMSO) கரைப்பானில் அன்றன்றைக்குக் கரைத்து, செல்கள் இருக்கும் பிபிஎஸ் (PBS) உப்புக் கரைசலில் 2 மில்லிமோலார் வரும்படி, ஆட்டிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் வெள்ளையாகப் படிந்துவிடும். அதற்கு முன் ஊடகத்தை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். சீரத்திலோ டிரிஸ் பஃபரிலோ உள்ள அமீன்கள் டிஎஸ்ஜியைத் தின்றுவிடும். 45 நிமிடம் கழித்துக் கழுவி, 1% ஃபார்மால்டிஹைடு 10 நிமிடம், பிறகு பிணைப்பை நிறுத்த 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம்.

இரட்டைப் பிணைப்புக்கு விலை உண்டு: குரோமாட்டின், அதாவது டிஎன்ஏவும் அதன் புரதங்களும் சேர்ந்த தொகுப்பு, எளிதில் உடையாது. 1% எஸ்டிஎஸ் (SDS) என்ற சோப்புப் பொருள் உள்ள பஃபரில் சோனிகேட் செய்து (ஒலி அலையால் உடைத்து), ஆன்டிபாடி சேர்க்கும் முன் பத்து மடங்கு நீர்த்துவிடுகிறோம். இல்லாவிட்டால் எஸ்டிஎஸ் ஆன்டிபாடியைக் கெடுக்கும். சோனிகேட் செய்யும் நேரத்தை மற்றவர் குறிப்பிலிருந்து எடுக்காதீர்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, பிணைப்பை நீக்கி, 1.5% அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, டிஎன்ஏ துண்டுகள் 200 முதல் 500 கார இணை வரை வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

பிணைப்பை நீக்க 65 டிகிரியில் இரவு முழுக்க வைப்பது மட்டும் போதாது. ஃபார்மால்டிஹைடு பிணைப்பு சூட்டில் விடும், டிஎஸ்ஜி பிணைப்பு விடாது. புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ் கேவைத் தவிர்த்தால் டிஎன்ஏ புரதக் குவியலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஆன்டிபாடியை நம்பிவிடாதீர்கள். சிபிபி என்ற உறவுப் புரதம் பி300-ஐ மிகவும் ஒத்தது. இரண்டையும் பிடிக்கும் ஆன்டிபாடிகள் உண்டு. இபி300 நீக்கிய செல்லில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனை) செய்து பாருங்கள், பிணைக்காத லைசேட்டைக் (செல்லை உடைத்த கரைசலை) கொண்டு. பட்டை மறைய வேண்டும்.

கிடைத்த டிஎன்ஏவை அளக்கும் கியூபிசிஆர் (qPCR) பிரைமர்களை, மரபணுவின் தொடக்கத்திலுள்ள புரோமோட்டரில் மட்டும் வைக்க வேண்டாம். பி300 செறிந்து நிற்பது, மரபணுவைத் தூரத்திலிருந்தும் தூண்டும் டிஎன்ஏ பகுதிகளான என்ஹான்சர்களில். அங்கே இரண்டும், ஒப்பீட்டுக்கு மரபணுவே இல்லாத பகுதியில் ஒன்றுமாவது வையுங்கள்.