47இலிருந்து 26 வரை

ஏப்ரல் 2
பிரஷர் 150/95. மாத்திரையை மாற்றவில்லை, நடக்கச் சொன்னார் டாக்டர். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 3
ரங்கூன் 47ஆம் தெரு வீட்டிலிருந்து மேற்கே 26ஆம் தெரு வரை போனேன். 47, 46, 45 என்று எண் இறங்கிக்கொண்டே வருவது பிடித்திருந்தது. சூலே பகோடா பக்கம் கூட்டத்தில் கணக்குத் தப்பியது. காளியம்மன் கோயிலுக்குள் போகவில்லை. செருப்பைக் கழற்றினால் உட்கார்ந்துவிடுவேன், உட்கார்ந்தால் யோசிப்பேன். கோயில் இருக்கும் சாலையை அப்பா கடைசிவரை ஃப்ரேசர் தெரு என்றேதான் சொன்னார். அனோரத்தா என்ற இப்போதைய பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

ஏப்ரல் 4
மகன் போனில் பேசவில்லை.

ஏப்ரல் 6
கண்டோஜி ஏரிக்கரையில் நடக்கலாமே, காற்று நன்றாக இருக்கும் என்கிறாள் அக்கா. அவளுக்குப் புரியாது. அங்கே தரை சமம். சமமான தரையில் கால் தானாகப் போகும், மனசும் அதுபாட்டுக்குப் போகும், எங்கே போகுமோ அங்கேயே போகும். இங்கே நடைபாதைப் பலகை ஒன்று ஆடும், அடுத்தது இருக்காது, கீழே சாக்கடை. நடுவில் முட்டியளவு பிளாஸ்டிக் முக்காலிகள், வெற்றிலை எச்சில், சோளம் பொறுக்கும் புறாக்கள். காலைப் பார்த்தே நடக்க வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரம் வேறு நினைப்பே இல்லை. சாலை போடாத நகரசபைக்கு நன்றி.

நிமிர்ந்தால் கயிறுகள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒன்று தொங்குகிறது, கீழ் நுனியில் கிளிப், மேலே மணி. கீழே நின்று இழுத்தால் வீட்டில் மணி அடிக்கும். ஐந்தாவது மாடிக்காரர் பேப்பரை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். நின்றிருக்கக் கூடாது.

ஏப்ரல் 8
கரண்ட் இல்லை. நடைபாதை முழுக்க ஜெனரேட்டர். புகை தாங்காமல் ரோட்டில் இறங்கி நடந்தேன். டீக்கடைப் பையன் கேட்காமலேயே பால் சேர்க்காத தேநீர்க் கெண்டியைக் கொண்டுவந்து வைத்தான். வயசு பன்னிரண்டு இருக்குமா? போன் வீட்டில். வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போகிறேன்.

ஏப்ரல் 10
திரும்பி வந்தபோது இரண்டு மிஸ்டு கால். 66 என்று தொடங்கும் தாய்லாந்து எண். திரும்ப அடித்தால் போகவில்லை.
இருபத்தொரு தெரு எனக்கு எதற்கு?

ஏப்ரல் 11
போகவில்லை.

ஏப்ரல் 12
வாசலிலிருந்து ஜன்னலுக்குப் பதினான்கு எட்டு. நூறு தடவை. கீழ்வீட்டம்மா மேலே வந்து, எதையாவது தேடுகிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.
ராத்திரி லேட்டாக வந்தால் மகன் கயிற்றை இரண்டு தடவை இழுப்பான். மூன்றாவது இழுப்பு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, நான் எழுந்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. பர்மியர்களுக்கும் தண்ணீர்த் திருவிழா. போனை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். 41இல் ஒரு சின்னப் பெண் அனுமதி கேட்டுத் தோளில் மெதுவாக ஊற்றினாள். அதற்கு ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. நனைந்த முகத்தில் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

ஏப்ரல் 17
ராத்திரி தூறல். காலையில் படௌக் மரம் முழுக்க மஞ்சள் பூ. நாளைக்கு இருக்காது. ஒரு கொத்து வாங்கினேன்.

ஏப்ரல் 18
மூன்று மணிக்கு மணிச்சத்தம். மூன்று இழுப்பு. எழுந்துதான் போனேன்.

ஏப்ரல் 19
கயிறு நடுவில் நைந்திருக்கிறது. சாயங்காலம் நடக்கிற வழியில் நைலான் கயிறு வாங்க வேண்டும், மூன்று மாடிக்கு. மணி பழையதே போதும்.